மொட்டைத் தலையோடு ஒரு வாழ்த்து

மகளின் படத்தை என் கணவர் ஸ்டேட்டஸில் வைத்தால் உடனே அழிக்கச் சொல்கிறேன். அழித்த பிறகு, ஆசையாக வைத்ததைக் கெடுத்துவிட்டேனோ என்று நானே தவிக்கிறேன். அப்போதெல்லாம் மாமாவின் நினைவு வருகிறது.

நான் படித்த காலத்தில் திருத்தணியில் ஒரு வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. நாலே பக்கம். ஒன்றில் செய்தி, மீதியில் வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும். யார் பெயரைப் போட்டிருக்கிறார்கள் என்பதைவிட யார் பெயரை விட்டுவிட்டார்கள் என்று பார்க்கத்தான் சலூனிலும் டீக்கடையிலும் அதைப் புரட்டுவார்கள்.

நான் பெரியவளாகி வீட்டில் உட்கார்ந்திருந்த வாரம், அதில் என் படம் வந்தது. மஞ்சள் நீராட்டு விழா காணும் செல்ல மருமகளுக்கு வாழ்த்து என்று கொட்டை எழுத்து. படத்தில் எனக்கு ஆறு வயது. மலையில் முடி இறக்கிய மொட்டைத் தலையில் சந்தனம் வழிந்துகொண்டிருந்தது. கீழே, 'தாய்மாமன்' என்று தன் பெயரோடு கைகூப்பியபடி மாமா.

அம்மாவின் ஒரே தம்பி அவர். அரக்கோணத்தில் ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்ட பிறகு எங்கள் வீட்டில் அவரைச் சேர்க்கவில்லை. விழா அழைப்பிதழில் தாய்மாமன் என்ற இடத்தில் அம்மாவின் பெரியப்பா மகன் பெயர் இருந்தது.

"மானத்த வாங்கணும்னே போட்டுகிறான்" என்று அப்பா பத்திரிகையைக் கசக்கி எறிந்தார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

திரும்பப் பள்ளிக்குப் போன அன்றே ஒருத்தி ஆரம்பித்தாள். "பேப்பர்ல மொட்டையா வந்துகிறியே, அதுக்குள்ள எப்டிடி முடி மொளைச்சிது?" வகுப்பே சிரித்தது. பையன்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தங்கள் தலையைத் தடவிக்கொண்டார்கள். நான் பெரியவளான விஷயமும் இவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டதே என்று உடம்பு கூசியது. இனி பள்ளிக்கே போவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன்.

சாயங்காலம் பள்ளி வாசலில் மாமா நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாம்மா பேப்பரு?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஏன் மாமா போட்டீங்க? எல்லாரும் சிரிக்கிறாங்க. வேற படமே கெடைக்கலியா உங்களுக்கு?"

அவர் சிரிப்பு நின்றது. "எங்கிட்ட அதான்மா இருந்துச்சி" என்றார். பிறகு, "அழாத. நான் எட்த்துடறேன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். டீக்கடை, சைக்கிள் கடை என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, கிடந்த பத்திரிகைகளையெல்லாம் கேட்டு வாங்கினார். நான் பின்னாலேயே போய்த் தள்ளி நின்று, ஒன்றையும் விட்டுவிடக் கூடாதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா மச்சான், ஊருக்கே காட்டிட்டு இப்போ நீயே பொறுக்கிகினு போற?" என்றார் சலூன்காரர்.

"ஆங், வீட்ல எல்லாருக்கும் வேணுமாம்" என்று மாமா அவற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

நான் நிம்மதியாக வீட்டுக்கு நடந்தேன். அந்த மொட்டையை அடிக்கும்போது என்னை மடியில் வைத்திருந்தவர் மாமாதான். அதற்குப் பிறகு எடுத்த எந்தப் படத்தையும் எங்கள் வீட்டில் யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. அன்று அது எனக்குத் தோன்றவே இல்லை. இடுப்பு வரைக்கும் பின்னல் தொங்குகிறதே, இதுகூடவா மாமாவுக்குத் தெரியாது என்றுதான் வழியெல்லாம் கோபப்பட்டுக்கொண்டு போனேன்.