வீரபாண்டியில் ஒரு ஸ்காட்ச் பாடம்

காலை 9.40க்குத் திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினேன். திருச்சியிலிருந்து வந்த களைப்பைவிடக் குழப்பம்தான் அதிகம். குடிப்பழக்கமே இல்லாத ஒருவருக்கு, பிற்பகல் மூன்று மணிக்குள், ஸ்காட்ச் விஸ்கியை ரசித்துக் குடிக்கக் கற்றுத்தர வேண்டும்.

அவர் நடராஜன். துபாயில் என் அறைத்தோழனாக இருந்தவனின் அண்ணன். சாயப்பட்டறையில் தொடங்கி இன்று பனியன் ஏற்றுமதி செய்பவர். அங்கே ஓட்டலில் பதினோரு வருடம் மது பரிமாறியவன் என்பதுதான் என் தகுதி.

வீரபாண்டிக்கு ஏழு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 220 ரூபாய். "கம்பெனில வேலைக்குங்களா?" என்றார் ஓட்டுநர்.

"ஒருத்தருக்குச் சொல்லிக்கொடுக்க."

"டெய்லரிங்குங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

10.30. மேசைமேல் மூடி திறக்காத புட்டி. நடராஜன் முகம் வாடியிருந்தது.

"போன வருசம் ஸ்காட்லாந்துல இருந்து வந்த பையர், நம்ம பனியன் வாங்கற அம்மா குடுத்ததுங்க. பீரோல வெச்சுட்டனுங்க. எப்படி இருந்துச்சுன்னு மெயில்ல கேட்டாங்க. சூப்பர்னு எழுதிட்டனுங்க. இன்னைக்குச் சேந்து குடிக்கலாம்னு வர்றாங்க. இதுல பொய் சொன்னவன் ஷிப்மெண்ட் தேதியிலயும் பொய் சொல்லுவான்னு நெனைக்க மாட்டாங்களா?"

பாதியைக் கொட்டிவிடலாமா என்றுகூட யோசித்தாராம். மனசு வரவில்லை.

பாடத்தைத் தொடங்கினேன். ஐஸ் போட்டால் வாசனை அமுங்கிவிடும். தண்ணீர் சேர்த்தால் சுவை கெடும். சொல்லும்போதே, தண்ணீர் கேட்ட ஸ்காட்லாந்துக்காரர்களும், கோப்பை நிறைய ஐஸ் கேட்டவர்களும் நினைவுக்கு வந்தார்கள். அதையும் சொன்னேன்.

"ஏனுங்க, அப்ப எதுதானுங்க சரி?"

கேட்டதை ஊற்றித்தான் எனக்குப் பழக்கம்.

கண்ணாடி டம்ளர்களைக் கொண்டுவந்த அவர் மனைவி சுமதி, "பொய் சொன்னது பத்தாதுன்னு இப்ப நடிக்க வேறயாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

3.10க்கு அந்த பையர் அம்மா, ஃபியோனா வந்தார். அறுபது வயதிருக்கும். பிரிக்காத மூடியை ஒருமுறை பார்த்துவிட்டு, தானே புட்டியைத் திறந்து மூவருக்கும் விரற்கடை அளவு ஊற்றினார். நடராஜன் டம்ளரை உதடுவரை கொண்டுபோனார். கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சொல்லிருங்க. நான் குடிச்சதே இல்லீங்க. எழுதினது பொய்யுங்க."

ஆங்கிலத்தில் சொன்னேன். ஃபியோனா தன் டம்ளரையும் கீழே வைத்தார். பிறகு, தொடவில்லை என்றே எழுதியிருக்கலாம், தான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன் என்றார். "குடிக்க வேண்டாம். முகர்ந்து பார்க்கலாமே?"

நடராஜன் கண்ணை மூடி முகர்ந்தார். முப்பது வருடம் சாயத்தொட்டிகளின் பக்கம் நின்ற மூக்கு.

"தண்ணி ஊத்தி அணைச்ச அடுப்புங்க. காயத்துக்குப் போடற டிஞ்சரு."

சதுப்பு நில மண்கட்டியை எரித்த புகையில் பார்லியை உலர்த்துவார்கள் என்று ஃபியோனா விளக்கினார். பிறகு டம்ளரில் சில சொட்டுத் தண்ணீர் விட்டார். தண்ணீர் கூடாது என்று காலையில் சொன்னது நான்தான்.

"இப்ப மாறிருச்சுங்க! ஆப்பிள் தோலு!"

ஃபியோனா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அரைமணி நேரம் இருவரும் ஒரே டம்ளரை மாற்றி மாற்றி முகர்ந்தார்கள். பிறகு துணி மாதிரிகளைப் பார்க்கச் சேர்ந்தே போனார்கள்.

மாலை 6.15க்குத் திருச்சிப் பேருந்தைப் பிடித்தேன். எங்கள் ஊரில் மூக்கைச் சுளித்து ஒரே மடக்கில் விழுங்கி, உடனே ஊறுகாயை நக்குவார்கள். இங்கே ஒருவர் ஒரு சொட்டுக்கூட விழுங்காமல் கண் மூடி உட்கார்ந்திருந்தார்.

என்ன வாசம் என்று ஃபியோனா என்னிடமும் கேட்டிருந்தார். விஸ்கி வாசம் என்றேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் என்ன தப்பு என்று கரூர் தாண்டியும் யோசித்துக்கொண்டிருந்தேன்.