பனியில் நின்றவள்

மாதேஷ் அதியமான்கோட்டைக்காரன். கடைப் பலகை, பள்ளிக்கூடச் சுவர் என்று எதைக் கொடுத்தாலும் எழுதுகிற பெயிண்டர். ஃப்ளெக்ஸ் வந்து பாதிப் பிழைப்பைத் தின்ற பிறகு, ஓய்ந்த நேரத்தில் படம் போட ஆரம்பித்தான். அப்படிப் போட்ட ஒன்றுதான் அவனுக்கு வெளியே பேரும் உள்ளே தீராத வெட்கமும் வாங்கிக் கொடுத்தது.

படத்தில் மார்கழிக் காலை, வத்தல்மலைப் பாதை. சாம்பல் பனி மரங்களைப் பாதிக்கு மேல் விழுங்கியிருக்கும். அறுத்து முடிந்த கேழ்வரகுக் கொல்லை ஈரத்தில் கறுத்துக் கிடக்கும். பாதையோரம் காலடியில் மூட்டையுடன் ஒரு பெண், கையை முன்னால் நீட்டியபடி நிற்பாள். தர்மபுரியில் ஓர் அலுவலக வராந்தாவில் அதை மாட்டியிருந்தார்கள். வேலையாக வருகிறவர்கள்கூட அதன் முன்னால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

"அந்தம்மா யாருங்க?" என்று கேட்டால், "எல்லாங் கற்பனைதாங்க" என்று தரையைப் பார்ப்பான். ஜனங்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடக்கமாவது மண்ணாவது!

நடந்தது இதுதான். மலைப் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுதிவிட்டு அவன் வண்டியில் இறங்கிவந்தபோது அவள் நின்றிருந்தாள். வண்டியை நிறுத்தி போனில் படம் எடுத்தான். ஏற்றிக்கொள்ளத்தான் நிற்கிறான் என்று நம்பி அவள் கையை நீட்டினாள். பின் சீட் காலிதான். அவளை ஏற்றினால் அந்தக் காட்சி கலைந்துவிடுமே என்று தோன்றியது. இன்னொரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். வீட்டில் உட்கார்ந்து வரைந்தபோதுதான் அந்தக் கை அவனைக் குத்தியது. ஆனாலும் அழிக்கவில்லை, படத்துக்கு உயிரே அதுதான் என்று அவனுக்குத் தெரியும். அன்றிலிருந்து மலை பஸ்ஸைக் கண்டாலே அவள் இறங்குவாளோ என்று வண்டியை வேறு தெருவில் திருப்பிவிடுவான்.

போன மாதம் அதே அலுவலகத்தில் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தான். ஏதோ சான்றிதழுக்காக மலையிலிருந்து வந்த குள்ளம்மாள் என்ற பெண் படத்தின் முன் நின்றுவிட்டாள்.

"இது எங்க மலையாச்சே! நாந்தானே இது?"

அலுவலர் தேவிப்பிரியா திரும்பிப் பார்த்தார். "கற்பனைன்னு சொன்னீங்களே, மாதேஷ்?"

வராந்தாவே அவனைப் பார்த்தது. பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

"இல்லைங்க மேடம். இவங்கதான். வண்டில ஏத்திக்குவேன்னு கை நீட்டினாங்க. நான் போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

சொன்னதும் கொஞ்சம் பாரம் இறங்கியதுபோல இருந்தது. அந்தத் தெம்பில் அவளிடம், "அக்கா, வேல முடிஞ்சதும் சொல்லுங்க. மலை வரைக்கும் நானே வண்டில கொண்டுபோய் வுடறேன்" என்றான்.

குள்ளம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பான். படத்தையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"வேணாந்தம்பி. இங்க இத்தன பேரு பாக்கறாங்க, ஏறச் சொல்லறே. அன்னிக்கி அங்க யாரும் இல்ல."

சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றுகொண்டாள்.