வணக்கம் சொல்லாத பையன்

அபியோனா என்றால் வழியில் பிறந்தவள் என்று பொருள். கிழங்கு மூட்டையோடு சந்தைக்குப் போன அவள் அம்மாவுக்கு நைஜீரியாவில் இபாதான் சாலையோரம் இடுப்புவலி எடுத்துவிட்டது. முன்பின் தெரியாத லாரிக்காரர்கள் தார்ப்பாய் கட்டி மறைத்தார்கள். முன்பின் தெரியாத ஒரு மீன்காரி பிள்ளையைக் கையில் வாங்கினாள். அன்னியர் கையில் விழுந்து பிழைத்தவள் என்பதாலோ என்னவோ, வழியில் போகிற எவரையும் ஒரு வார்த்தை விசாரிக்காமல் விட அவளுக்கு மனசு வராது. அந்த வாய்க்கு ஏற்ற வேலையும் அமைந்தது. பல்கலைக்கழகத்தில் ஆண்கள் விடுதி ஒன்றுக்கு வாசல் காவல்.

எங்கள் யொரூபா மக்களுக்கு வணக்கம் ஒன்றல்ல. உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று, வேலை செய்பவருக்கு ஒன்று, மழையில் நனைந்து வருபவருக்கு ஒன்று, துக்க வீட்டிலிருந்து திரும்புபவருக்கு ஒன்று. சிறியவன்தான் முதலில் சொல்ல வேண்டும். பையனென்றால் குனிந்து தரையைத் தொட வேண்டும். நல்ல வளர்ப்பு என்றால் நெடுஞ்சாண்கிடையாகவே விழுவான். அபியோனா வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, காலையில் வெளியே போகிற அத்தனை பேரிடமும் அதைக் கறாராக வாங்கிக்கொள்வாள்.

“ஏன்டா பன்கோலே, ஓடுற ஓட்டத்துல வணக்கத்தை முழுங்கிட்டியா?”

“பரீட்சைம்மா! வந்து ரெண்டா சொல்றேன்!”

“பெயிலாயிட்டு வந்து சொன்னா வாங்கிக்க மாட்டேன், பாத்துக்க!”

பன்கோலே விடுதி மாணவர் தலைவன். அந்த வருஷம் விடுதியில் திருட்டு தலைவிரித்து ஆடியது. பட்டப்பகலில், எல்லாரும் வகுப்பில் இருக்கும்போது, மடிக்கணினியும் போனும் காணாமல் போயின. ஒருத்தன் நான்கு வருஷம் எழுதிய ஆய்வே கணினியோடு போய்விட்டது. அவன் படிக்கட்டில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். பன்கோலே ஒரு காவல் குழு அமைத்தான். வாசலில் அபியோனா, எதிரே அகாரா வடை சுடும் இயா ரிசி, வண்டி நிறுத்தத்தில் டிரைவர்கள், மாடிக்கு இரண்டு மாணவர்கள். ஆளுக்கு ஒரு விசில்.

“திருடன் யாருன்னு எப்படிக்கா கண்டுபிடிக்கிறது? நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கான்?” என்று கேட்டாள் இயா ரிசி.

“வாயில இருக்குடி. பெரியவங்க மூஞ்சியப் பாத்து வணக்கம் சொல்றவன் திருட மாட்டான். சொல்லாமப் போறான் பாரு, அவன் மேல கண்ணு வையி.”

கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். குறை சொல்லிப் பயனில்லை, நானும் ஆட்டியிருப்பேன். எங்களை வளர்த்த விதம் அப்படி.

கொலாப்போ என்றொரு பையன் நண்பனைப் பார்க்க அடிக்கடி வருவான். வெள்ளைச் சட்டை கசங்குமே என்று பார்க்க மாட்டான்; அவள் காலடியில் தடாலென்று விழுவான். “அம்மா, முட்டிவலி தேவலையா? மகள் பிரசவம் நல்லபடியா முடிஞ்சுதா?” என்பான். கூழைக்கும்பிடு என்று யார் கண்டது? அபியோனா உருகிப்போவாள். “நூறு வயசு இருடா ராசா. உன்னைப் பெத்த வயிறு குளிரட்டும்” என்று வாழ்த்துவாள். எங்கே போகிறாய் என்று ஒருநாளும் அவனைக் கேட்டதில்லை.

இன்னொருவன், வருஷ நடுவில் வந்து சேர்ந்தவன். ஒல்லியாக, நெட்டையாக இருப்பான். அபியோனா ஊருக்குப் போயிருந்த வாரத்தில் அலுவலகம் அவனுக்கு அறை கொடுத்திருந்தது. விறுவிறுவென்று வருவான், போவான். வணக்கம் கிடையாது, ஒரு தலையசைப்பு மட்டும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “நாயைத் தாண்டிப் போறவன்கூட ச்சூன்னு சொல்லிட்டுப் போவான். என்னைப் பாரு, கல்லா மண்ணா?” என்று இயா ரிசியிடம் பொரிந்து தள்ளுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம். பாதிப் பேர் தொழுகைக்குப் போயிருந்தார்கள், பாதிப் பேர் வகுப்பில். மாடியில் விசில் ஊதியது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எவனோ தொண்டை கிழியக் கத்தினான்: “ஓலே! ஓலே! என் கம்ப்யூட்டர் போச்சு!”

ஓலே என்றால் திருடன். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குக் கால் முளைக்கும். அது தெருமுனைக்குப் போவதற்குள் கூட்டம் சேர்ந்துவிடும். கூட்டம் சேர்ந்தால் டயர் வரும், பெட்ரோல் வரும். அதற்கு அப்புறம் வருகிற போலீசுக்குச் சாம்பலை அள்ளுகிற வேலைதான்.

அந்த நேரத்தில்தான் வணக்கம் சொல்லாத பையன் தோளில் பையோடு வாசலைத் தாண்டி ஓடினான். நிறுத்தத்தில் வண்டி புறப்படத் தயாராக இருந்தது.

“ஏய் தம்பி! நில்லுடா!” என்றாள் அபியோனா. அவன் நிற்கவில்லை. “உன்னைத்தான்டா! நில்லு!” அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பெஞ்சிலிருந்து எழுந்து கையை நீட்டினாள்.

“அதோ போறான்! வணக்கம் சொல்லாத அந்தப் பயதான்! பிடிங்கடா!”

பிடித்தார்கள். விடுதிப் பிள்ளைகள், டிரைவர்கள், வழியில் போனவர்கள் எல்லாரும் சேர்ந்து பிடித்தார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நூறு ஆத்திரக்காரர்கள் சேர்ந்தால் அதுவும் இருக்காது. ஏன் பொய் சொல்ல வேண்டும், அபியோனாவுக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. தன் கணக்கு சரியாகிவிட்டது என்ற சந்தோஷம். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, அவன் முகத்தைப் பார்க்க நிதானமாக நடந்து போனாள்.

அடிபடுகிறவன் அம்மா மேல் ஆணையிடுவான், கடவுளைக் கூப்பிடுவான், நான் இல்லை நான் இல்லை என்று கதறுவான். இவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் மட்டும் வந்தது. ஆனால் இரண்டு கைகளும் காற்றில் படபடவென்று எதையோ வரைந்துகொண்டே இருந்தன.

“மந்திரம் போடுறான்டா!” என்று ஒருவன் அலறினான். “கையப் பாரு! கட்டு போடுறான்! கைய உடைங்கடா!”

பலகை ஒன்று இறங்கியது. வலது கையில்.

நடந்து வந்த அபியோனா அப்படியே நின்றாள். அந்தக் கையசைவை அவள் பார்த்திருக்கிறாள். ஞாயிறுதோறும் தேவாலயத்தின் இடது மூலையில், காது கேளாதவர்களுக்காக ஒரு பெண் பிரசங்கத்தைக் கையால் சொல்வாள். எவ்வளவு அழகு என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே அபியோனா பாதிப் பிரசங்கத்தைக் கோட்டை விடுவாள். அதே கைகள். இந்தப் பிள்ளை மந்திரம் போடவில்லை. கையால் கெஞ்சிக்கொண்டிருந்தது.

“ஐயோ, அவனுக்குக் காது கேக்காதுடா! விடுங்கடா!”

யார் காதிலும் விழவில்லை. நிறுத்தத்துப் பக்கமிருந்து டயரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் முட்டிவலியை மறந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவன் மேல் விழுந்தாள். முதுகில் இரண்டு அடி அவளுக்கும் விழுந்தது.

“ஏம்மா, நீதான காட்டிக் குடுத்த? தள்ளு!” என்று ஒரு டிரைவர் அவள் தோளைப் பிடித்து இழுத்தான்.

அவள் எழுந்து நின்றாள். தலைத்துணியை உருவித் தரையில் எறிந்தாள். நரைத்த தலை வெயிலில் தெரிந்தது. இரண்டு கையையும் இடுப்புத் துணியின் முடிச்சில் வைத்தாள்.

“இன்னும் ஒரு அடி விழுந்துச்சுன்னா இந்த முடிச்சை அவுத்துடுவேன். பாக்குறவன் பாருங்கடா. உன்னைப் பெத்தவளுக்கு என்ன இருக்கோ அதுதான் எனக்கும் இருக்கு. பாத்துட்டு நல்லா வாழ்ந்துடுவீங்களா? வாழுங்கடா, பாப்போம்!”

தாய் வயதுக்காரி ஒருத்தி கோபத்தில் துணி அவிழ்த்ததைக் கண்ணால் பார்த்தவன் உருப்பட மாட்டான். இது எங்கள் ஊரில் பேராசிரியருக்கும் தெரியும், பிக்பாக்கெட்டுக்கும் தெரியும். முன்வரிசை முகத்தைத் திருப்பியது. டயர்க்காரன் டயரை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டான். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். இயா ரிசி எண்ணெய்க் கையோடு ஓடிவந்து அவளைத் தன் துணியால் போர்த்தினாள். பன்கோலே ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியைக் கொண்டுவந்தான். பையனின் பையில் அவனுடைய கணினி இருந்தது. மேலே பெயர் ஒட்டியிருந்தது: டெர்சூ, சிறப்புக் கல்வித் துறை.

விடுதியே வெளியே நின்று வேடிக்கை பார்த்த அந்த நேரத்தில் மாடியில் இன்னும் மூன்று அறைகள் காலியாயின. கொலாப்போ கனமான பையோடு பின்பக்கமாக இறங்கிப் போனதை ஒருவன் பார்த்திருந்தான். சில வாரம் கழித்து, சந்தையில் விற்கும்போது பிடிபட்டான். அடையாளம் காட்ட அபியோனாவைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். விலங்கோடு இருந்தவன் அவளைக் கண்டதும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். “வணக்கம்மா. முட்டிவலி தேவலையா?” நூறு வயசு இரு என்று பழக்கத்தில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அடி விழுந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு டெர்சூவின் அக்கா வந்திருந்தாள். பெனுவேயிலிருந்து, தூரத்து ஊரிலிருந்து, பஸ் மாறி மாறி வந்தவள். உன் தம்பியைக் காப்பாற்றிய அம்மா என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். அவள் கும்பிட வந்தாள். அபியோனா கையைத் தட்டிவிட்டாள்.

“கும்பிடாதம்மா. இவன்தான்னு கையக் காட்டுனதே நான்தான்.”

அக்கா தம்பியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். பிறகு, “அவன் பேசுறது அந்தக் கையாலதான். அதைத்தான் உடைச்சிருக்கீங்க” என்றாள்.

“என்னை மன்னிச்சுடும்மா.”

“எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அவங்கிட்ட சொல்லுங்க.”

“அவங்கிட்ட எப்படிச் சொல்றது?”

“கத்துக்குங்க.”

டெர்சூ அடுத்த பருவத்தில் திரும்பி வந்தான். வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் மடங்கியபடியே கூடிவிட்டன. அதற்கு மேல் நீளாது. அபியோனா பெஞ்சை விட்டு எழுந்து நிற்பாள். பெரியவள்தான், அவள்தான் முதலில் நின்றாள். அவன் பார்க்காமல் போவான். இந்தத் தடவை அவன் பார்க்காததற்குக் காது காரணமில்லை. அவளுக்கு அது தெரியும். மறுநாளும் எழுந்து நிற்பாள்.

“வேணாங்கிறவன் கால்ல போய் ஏன்க்கா விழுற?” என்றாள் இயா ரிசி.

“அவன் வேணாங்கட்டும்டி. எழுந்து நிக்கிறது என் வேலை.”

மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு காலை, அவன் நின்றான். அவளையே பார்த்தான். பிறகு வலது கையை மோவாயில் வைத்து முன்னால் கொண்டுவந்து வணக்கம் சொன்னான். மெல்ல, அவள் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி. அவள் அப்படியே திருப்பிச் செய்தாள். அவன் சிரிக்கவில்லை. ஆனால் தினமும் நின்றான்.

வாசலில் காவல் குழு இன்றும் இருக்கிறது. யாரும் ஓலே என்று கத்தக் கூடாது, அதுதான் முதல் சட்டம். விசில் ஊத வேண்டும். சந்தேகப்பட்டவன் முன்னால் போய் முகத்துக்கு நேரே நிற்க வேண்டும். அடையாள அட்டையைப் பார்க்கும்வரை இரண்டு பேர் அவன் பக்கத்தில் உட்கார வேண்டும், அடிக்க அல்ல, அடிவிழாமல் பார்க்க. கும்பிட்டு விழுகிறவனிடமும் எந்த அறைக்கு என்று கேட்டே தீர வேண்டும். காலையில் வெளியே போகிற பிள்ளைகள் வாயால் ஒரு வணக்கம் சொல்லி, கையாலும் ஒன்று சொல்வார்கள். அபியோனாதான் சொல்லிக்கொடுத்தாள். இயா ரிசிக்கும் தெரியும், டிரைவர்களுக்கும் தெரியும்.

டெர்சூ படித்து முடித்துப் போய்விட்டான். இந்த வருஷம் காது கேளாத புதுப் பையன் ஒருவன் சேர்ந்தான். முதல் நாள் வாசலில் எல்லாரும் கையால் வணக்கம் சொன்னதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷமாகத் திருப்பிச் சொன்னான். பிறகு புருவத்தைச் சுருக்கினான். போனை எடுத்து எழுதி அபியோனாவிடம் நீட்டினான்.

“வணக்கம்மா. நல்லா செய்யுறீங்க. ஆனா ஏன் எல்லாரும் கடைசி ரெண்டு விரலை மடக்குறீங்க? எல்லா விரலும் நேரா இருக்கணும்.”

அவள் படித்தாள். எதிரே வடைச் சட்டிக்குப் பின்னால் இயா ரிசி, நிறுத்தத்தில் டிரைவர்கள், படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள்: ஒவ்வொருவர் கையும் அப்படித்தான் மடங்கியிருந்தது. தன் கையைப் பார்த்தாள். விரல்களை நீட்டிப் பார்த்தாள், நேராக நீண்டன. மறுபடி அந்த இரண்டையும் மடக்கி, மோவாயில் வைத்து, அவனுக்கு வணக்கம் சொன்னாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அவன் ஒன்றும் புரியாமல், மரியாதைக்குத் தன் விரல்களையும் மடக்கித் திருப்பிச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனான்.