ஸ்கிரீன் முதுகில் சொருகிய டிஸ்க்

நான் அஞ்சாவதோடு படிப்பை விட்டவள். எதையும் சட்டென்று நம்ப மாட்டேன். மகளின் கல்யாண வீடியோ ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தது. அதைச் சுருக்கித் தரச் சொல்ல, பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி தர்மபுரியில் ஒரு எடிட்டிங் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் சொருகவில்லை. பெரிய ஸ்கிரீனின் முதுகில் சொருகினார். அங்கிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போனது.

"ஏங்க தம்பி, டிவியில எதுக்குச் சொருகறீங்க?"

"ஸ்கிரீனு, டிஸ்க்கு எல்லாத்துக்கும் இந்த ஒரு கேபிளே போதுங்க்கா. அஞ்சு நிமிஷத்துல காப்பி ஆயிடும்."

எங்க ஊர்க் கடையில் அரை நாள் ஆகும் என்றார்கள். இங்கே அஞ்சு நிமிஷமா? மகளின் படங்களை வேறெங்கோ அனுப்புகிறார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் கேபிளைப் பிடுங்கிவிட்டேன்.

அப்புறம் டிஸ்க் திறக்கவே இல்லை. கேபிள் முனை என் கையிலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மகள் போனில் கூப்பிட்டாள். டிஸ்க் திறக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் போனை வாங்கினார்.

"எங்க கேபிள் லூசா இருந்துச்சுங்க மேடம். ரெண்டு நாள்ல சரி பண்ணித் தர்றேன்."

சொன்னபடியே எல்லாவற்றையும் மீட்டுத் தந்தார். தன்னிடம் இருந்த காப்பியை என் கண் முன்னாலேயே அழித்துவிட்டு, "இப்ப நிம்மதியாங்க்கா?" என்றார்.

என் மகள் இன்னமும் அந்தக் கேபிளைத்தான் திட்டுகிறாள். நானும் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். இதை அவள் படிக்கட்டும்.