திட்டுநாட்டின் தேடும் படை

போன வாரம் மதியம் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ராணுவத் தேர்வுக்குப் படிக்கிற என் இளைய மகள் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாக மனப்பாடம் செய்தாள்.

"பத்துப் பேர் ஒரு செக்‌ஷன். மூணு செக்‌ஷன் ஒரு பிளட்டூன். மூணு பிளட்டூன்... மூணு பிளட்டூன்..."

"ஒரு கம்பெனி. நாலு கம்பெனி ஒரு பட்டாலியன்" என்றேன். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மகள் புத்தகத்தோடு அடுக்களைக்கு வந்துவிட்டாள். "ஏம்மா, நீ எட்டாப்போட நின்ன ஆளு. ஒனக்கெப்படித் தெரியும்?"

"நானும் பட்டாளத்துல இருந்தவதான்."

"ஆமா, எங்க அப்பாவ அடக்குற பட்டாளம்" என்று சிரித்துக்கொண்டே போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த புளி வாசனையையும் மீறிச் சந்தன வாசனை ஒன்று எங்கிருந்தோ வந்தது. அது சரஸ்வதி பூசைச் சந்தனம். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம் எங்களுடையது. மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் அய்யாவின் பெருமூச்சு. நான் ஆறாம் வகுப்பு படித்தபோது இலங்கையில் சண்டை முற்றி, அந்தச் சனங்கள் படகு படகாக வந்து இறங்கினார்கள். அகதி முகாம் பிள்ளைகளை எங்கள் பள்ளிக்கூடத்திலும் சேர்த்தார்கள். அப்படி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள்தான் வதனி. ஒல்லிக்குச்சி. பல்லுக்கு நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்து வழியாக விசில் அடிப்பாள். எனக்கும் பல்லில் சந்து வேண்டும் என்று நான் சாமியிடம் வேண்டிக்கொண்டது உண்டு.

அவர்களை ஏற்றிவந்த படகுக்காரன் நடுக்கடலில் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டு, "இந்தியா வந்துட்டுது" என்று சொல்லிப் போய்விட்டானாம். தனுஷ்கோடிக்கு அப்பால் அப்படித் திட்டுகள் வரிசையாகக் கிடக்கும். நீரும் நிழலும் இல்லாத வெறும் மணல். ஒன்றரை நாள் அங்கே கிடந்தார்களாம். தங்கச்சிமார் நாக்கு வறண்டு கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் வதனியின் அண்ணன், பதினேழு வயசுப் பிள்ளை, உதவி கொண்டுவருகிறேன் என்று நீந்திப் போனான். பிறகு மீன்பிடிப் படகு ஒன்று வந்து இவர்களை ஏற்றியது. அண்ணன் வரவே இல்லை. எந்தக் கரையிலும் ஒதுங்கவும் இல்லை. அவளுடைய அப்பா தினமும் ராமேஸ்வரம் கரைக்குப் போய், வந்து இறங்குகிற ஒவ்வொரு படகிலும் விசாரிப்பார். அதுதான் அவருக்கு வேலை.

அந்தத் திட்டைத்தான் வதனி ஒரு நாடாக ஆக்கினாள். திட்டுநாடு. நாடு என்றால் பட்டாளம் வேண்டுமே! செக்‌ஷன், பிளட்டூன் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. "எப்படிடி தெரியும்?" என்று கேட்டேன்.

"முப்பது பேர் வந்தா பிளட்டூன். கிணத்தடியில ஒளிச்சுக்கொள்ளலாம். நூறு பேர் வந்தா கம்பெனி. ஊரை விட்டே ஓடோணும்."

நாங்கள் வாய்ப்பாடு படித்த வயசில் அந்தப் பிள்ளைகள் படித்தது இது.

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் ராணுவ மந்திராலோசனை நடக்கும். அவள் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதுவேன். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் எழுத்துத் தளபதி பதவி எனக்கு. பதவி கிடைத்த மறுநாளே சோடா மூடியில் பதக்கம் குத்திக்கொண்டு போய் அய்யாவிடம் அடி வாங்கினேன், தாவணி ஊக்கைத் திருடியதற்கு.

எங்கள் பட்டாலியனில் நாலு கம்பெனி. முதலாவது தண்ணீர்ப் படை. திட்டில் யார் இறங்கினாலும் குடத்தோடு போய் நிற்க வேண்டும். இரண்டாவது நிழல் படை. பனையோலையும் சேலையும் கொண்டு பந்தல் போடும். மூன்றாவது தூக்கும் படை, நடக்க முடியாதவர்களுக்கு. நான்காவது தேடும் படை. அதில் மட்டும் ஆள் கூடுதல்.

"துப்பாக்கியே இல்லையேடி?"

"அது எல்லாரிட்டயும் இருக்குத்தானே. எங்களுக்கு என்னத்துக்கு?"

முதல் பக்கத்தில் தலைமைத் தளபதி என்று அண்ணனின் பெயரை எழுதச் சொன்னாள். அதற்குக் கீழே, 'இப்போது கடலில் இருக்கிறார். விரைவில் படகில் வந்து பொறுப்பேற்பார்' என்றும் எழுதச் சொன்னாள். பொறுப்பு இருந்தால் அண்ணன் வராமல் இருக்க மாட்டான் என்பது அவள் கணக்கு. பின்பக்கத்தில் திட்டுகளின் படம். எந்தத் திட்டில் எத்தனை பேர், எங்கே படகு ஒதுங்கும் என்று சிவப்பு மையில் போட்டோம். அட்டையில் 'இரகசியம்' என்று எழுதினேனே தவிர, பெயர் எழுதவில்லை.

பிறகுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். சரஸ்வதி பூசை வந்தது. பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு புத்தகத்தை அம்பாள் படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, மறுநாள்தான் எடுப்போம். அம்பாள் காலடியில் ஓர் இராத்திரி இருந்துவிட்டால் எழுதினது பலித்துவிடும் என்று எனக்கு நிச்சயமான நம்பிக்கை. வதனியிடம்கூடச் சொல்லாமல் பட்டாள நோட்டைக் கணக்குப் புத்தகத்துக்குக் கீழே செருகினேன். அண்ணன் வரட்டும் என்று நினைத்துத்தான் செய்தேன். ராமநாத சுவாமி அறிய வேறு நினைப்பு இல்லை.

மறுநாள் வாத்தியார் பெயர் வாசித்து வாசித்துப் புத்தகங்களைக் கொடுத்தார். பெயரில்லாத நோட்டு ஒன்று மிஞ்சியது. யாருடையது என்று பார்க்கப் பிரித்தார். படித்துக்கொண்டே போனவர் முகம் வெளுத்துவிட்டது. நோட்டைக் கொண்டுபோய்ப் போலீசில் கொடுத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த நாளில் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் பயம்.

மூன்று நாள் கழித்துச் சாதா உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். வதனி அன்று காய்ச்சலில் வரவில்லை. அவர்களில் ஒருவர் வகுப்பில் நோட்டைத் தூக்கிக் காட்டினார். சந்தனப் பொட்டு காய்ந்து உதிர்ந்திருந்தது.

"யாரு நோட்டு இது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து நின்றேன். "வதனி சொன்னது சார்" என்றேன்.

பொய் இல்லை. சொன்னது அவள்தான். எழுதினது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கே அவள் அப்பாவைக் கூட்டிப்போய்விட்டார்கள். நாலு நாள் வைத்திருந்து, "ஒம் மகன் எங்க? எந்தப் படகுல வாரான்?" என்று கேட்டார்களாம். அந்த மனுசன் ஊரெல்லாம் கேட்டு அலைந்த கேள்வி அது. அதை அவரிடமே அடித்துக் கேட்டிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது வலது கை மேலே எழும்பவில்லை. அந்த வாரமே அவர்களை வடக்கே, கடலே இல்லாத ஏதோ முகாமுக்கு மாற்றினார்கள்.

சான்றிதழ் வாங்க வந்த வதனி தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்தாள். அவள் என்னை ஏசியிருந்தால் இன்றைக்கு எனக்குத் தூக்கம் வரும்.

"நீ எழுதினதெண்டு நான் ஒருத்தரிட்டயும் சொல்லேல்ல."

"ஏன்டி?"

"நாங்க போறம். அப்பா இனிக் கரைக்கு வரேலாது. தேடும் படையில ஒராள் இஞ்ச நிக்கோணுமெல்லே? அண்ணா வந்தா நாங்க எங்க இருக்கிறமெண்டு சொல்லு."

தலையாட்டினேன். பிறகு எத்தனையோ படகு வந்தது. நான் ஒரு நாளும் கரைக்குப் போய் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. முதலில் பயம். அப்புறம் படிப்பை நிறுத்தினார்கள், கல்யாணம், பிள்ளைகள். அவர்கள் போன முகாமின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

மகள் மனப்பாடம் செய்ததைக் கேட்டதிலிருந்து மனசு நிலைகொள்ளவில்லை. நேற்று அவளைக் கூட்டிக்கொண்டு தனுஷ்கோடிக்குப் போனேன். வலை சரிபார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம், முன்பு அகதிகளை இறக்கிவிட்ட அந்தத் திட்டு எந்தப் பக்கம் என்று கேட்டேன். வதனி சொன்ன அடையாளத்தையும் சொன்னேன்.

"அந்தத் திட்டா? அத அரிச்சுக் கடல் எடுத்து வருசக்கணக்காச்சுக்கா. வேற பக்கம் புதுசா ஒண்ணு கெளம்பியிருக்கு. நீங்க அங்கன யாரத் தேடுறீக?"

"சும்மாதான் கேட்டேன்" என்று வந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் ராமேஸ்வரத்தில் இறங்கினோம். தேங்காய் பழத்தட்டு வாங்கினேன். அந்தப் பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவனுக்காக ஓர் அர்ச்சனை, அதையாவது செய்வோம் என்று வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் அர்ச்சகர்.

வாயைத் திறந்தேன். பத்துப் பேர் ஒரு செக்‌ஷன், மூணு செக்‌ஷன் ஒரு பிளட்டூன் என்பதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. தண்ணீர்ப் படையில் எத்தனை குடம் என்பதுகூட வந்தது. முதல் பக்கத்தில் குண்டு குண்டாக என் கையாலேயே எழுதின பெயர் மட்டும் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். "யாருக்கும்மா?" என்று மகள் காதோரம் கேட்டாள்.

"சாமி பேருக்கே பண்ணிருங்க" என்றேன்.