தம்பிக்காக நான் போட்ட கையெழுத்து

கோர்ட்டில் என்னிடம் முக்கியமாகக் கேட்டது ஒரே கேள்விதான். ஒரு நோட்டைப் பிரித்துக் காட்டி, "இது உங்க தம்பி கையெழுத்துதானே?" என்றார்கள். "ஆமாங்க" என்றேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. கேட்கிறவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அது மட்டும்தான் காரணம் என்றால் பொய். கம்பெனி மேனேஜர் எதிரில் உட்கார்ந்திருந்தான். வேலை போய்விடும் என்று பயந்தேன்.

அந்தக் கையெழுத்து நான் போட்டது.

எங்கள் பனியன் கம்பெனியில் வருகைக்கு இரண்டு நோட்டுகள். வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டர் கொடுப்பதற்கு முன், ஆட்களை எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குகிறார்களா என்று ஆடிட் செய்ய ஆள் அனுப்புவார்கள். அவர்களுக்குக் காட்டுகிற நோட்டில் எல்லோரும் ஐந்தரைக்கு வீட்டுக்குப் போய்விடுவோம். உண்மையில் சரக்கு ஏற்றுகிற நாட்களில் பத்து மணி ஆகும். அந்த நேரமெல்லாம் மேனேஜர் பையிலிருக்கும் சின்ன நோட்டில்தான் இருக்கும். ஆடிட்டுக்கு மூன்று நாள் முன்னால் ஐந்து பேனாக்களைக் கொடுத்து என்னை உட்கார வைப்பான். "வாய் தொறக்காத ஆளு நீதாம்ப்பா" என்பான். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். ஆனால் யார் எழுத்தைப் பார்த்தாலும் அப்படியே கை போகும். இருபத்தாறு பேருக்கும் நானே போடுவேன். அதில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

ஒரு நாள் சாயங்காலம் ஏழரை மணிக்குப் பக்கத்து வீதியில் ஒரு வயதான பெண்ணின் சங்கிலியை எவனோ அறுத்தான். விழுந்த இடத்தில் அடிபட்டு அவர் இறந்துபோனார். பார்த்ததாகச் சொன்ன ஒருவர் என் தம்பியைக் கை காட்டினார். அந்த நேரம் தம்பி ஓவர்லாக் மெஷினில் கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டிருந்தான். பத்தடி தள்ளி நான் பீஸ் செக்கிங் செய்துகொண்டிருந்தேன். போலீஸ் கேட்டபோது மேனேஜர், அதற்குள் நான் கையெழுத்துப் போட்டு முடித்திருந்த ஆடிட் நோட்டைத்தான் கொடுத்தான். சின்ன நோட்டைக் காட்டினால் ஆர்டர் போய்விடும். ஆடிட் நோட்டின்படி நானும் ஐந்தரைக்கே போயிருந்தேன். கூட வேலை செய்தவர்களும் நோட்டில் இருந்ததையே சொன்னார்கள். தம்பிக்குப் பத்து வருஷம் கொடுத்தார்கள்.

அம்மா விடவில்லை. திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். மற்ற நாட்களில் காலை எட்டரைக்குக் கம்பெனி கேட்டில் நின்று மேனேஜரின் கார் வரும்போது மண்ணை வாரித் தூற்றினாள்.

"நல்லாத் தூத்தும்மா, கார் கழுவ ஆள் போட்டிருக்குது" என்று அவன் ஒரு நாள் சிரித்தான்.

"கழுவு சாமி. உன்ற பொணத்தைக் கழுவறதுக்கும் ஆள் சொல்லி வெச்சுக்க" என்றாள் அம்மா.

நான் உள்ளே தலை குனிந்து பீஸ் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஜெயிலில் மனு போட்டுத் தம்பியைப் பார்த்துவிட்டு வந்தாள். "அது அவங் கையெழுத்தே இல்லைங்கறான். கோர்ட்ல சொல்லியும் ஆரும் நம்பலையாம். பின்ன ஆருது?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். அம்மா அடிக்கவில்லை, அழவில்லை. அன்றோடு என்னைக் கண்ணு என்று கூப்பிடுவது நின்றது. வெள்ளிக்கிழமை, "கெளம்பு" என்றாள்.

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனோம். அநியாயம் செய்தவனுக்குத் தண்டனை வேண்டி அங்கே மிளகாய் அரைத்துக் கல்லில் பூசுவார்கள். அம்மா அம்மி முன்னால் உட்கார்ந்து நிதானமாக அரைத்தாள்.

"மேனேசருக்காம்மா?" என்றேன்.

"அவனுக்குப் போன மாசமே அரைச்சுட்டேன். இது உனக்கு."

பூசிவிட்டு வந்து, பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அவள்மேல் கோபமில்லை. கோபம் எங்கே போக வேண்டுமோ அங்கே போயிற்று.

வேலையை விடவில்லை. அடுத்த ஆடிட் வரட்டும் என்று நான்கு மாதம் காத்திருந்தேன். மேனேஜர் கூப்பிட்டதும் போய் உட்கார்ந்து, எப்போதையும்விட அழகாகப் போட்டுக் கொடுத்தேன். ஆடிட்டுக்குப் பெங்களூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஆட்களைத் தனி அறையில் ஒவ்வொருவராக விசாரித்தாள். மேனேஜர் முதலில் என்னைத்தான் அனுப்பினான்.

"ஓவர்டைம் இருக்கா அண்ணா?"

ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். நோட்டிலிருந்த அத்தனை கையெழுத்தையும் போட்டு அதன் பக்கத்தில் வைத்தேன். அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

"யார் போட்டது?"

"எல்லாமே நான்தானுங்க."

தம்பி கதையையும் சொன்னேன். அன்றைக்குப் பேசியது போல் நான் பிறந்ததிலிருந்து பேசியதில்லை.

ஆர்டர் போயிற்று. இரண்டு வாரத்தில் பாதி மெஷின்கள் நின்றன. வேலை போனவர்கள் என்னைக் கண்டால் காறித் துப்பினார்கள். துப்பட்டும். கோர்ட்டில் அவர்களும்தான் பொய் சொன்னார்கள். மேனேஜர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "சின்ன நோட்டை எப்பவோ எரிச்சாச்சு. இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?" என்றான். அன்று எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

அப்பீலுக்கு வக்கீல் என்னிடம் வாக்குமூலம் கேட்டார். "பொய்ச் சாட்சி சொன்னதுக்கு உங்க மேலயே கேஸ் வரலாம். யோசிச்சுட்டு வாங்க" என்றார்.

"இதுல யோசிக்க என்ன இருக்குதுங்க?" என்றாள் அம்மா. "ஒண்ணும் பண்ணாதவன் உள்ள கெடக்கறான். பண்ணுனவன் வெளிய திரியறான்."

வக்கீலுக்குச் சங்கடமாகிவிட்டது. "அம்மா, இவரும் உங்க பையன்தானே?"

"அதனாலதானுங்க கூட்டிட்டு வந்தேன்."

"மேனேஜர் சொல்லித்தான் போட்டேன்னு எழுதினா, அவன் மேலயும் வருமாங்க?" என்று கேட்டேன்.

"வரலாம்."

"அப்ப எழுதுங்க. அவன் பேரை மொதப் பக்கத்துலயே போடுங்க."

வக்கீல் பேனாவை எடுத்தார். மேனேஜரின் முழுப் பெயர், அப்பா பெயர், வீடு இருக்கிற வீதி எல்லாம் வேண்டும் என்றார். அம்மா ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.