பெயர் கிழித்த குளிசைப் போத்தல்

வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் மருந்து உருவாக்கும் என் தங்கை, போன ஆவணியில் மூன்று கிழமை விடுமுறையில் திருகோணமலைக்கு வந்தாள். என் கணவருக்கு அல்சைமர் நோய் வந்து அப்போது நான்கு வருடம். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய மனிதர், சொந்த வீட்டுக் குசினிக்கு வழி கேட்டார். அதைவிட என்னை வாட்டியது அவருடைய சந்தேகம். சாப்பாட்டுக் கோப்பையை முகர்ந்து பார்த்து, "இதுக்குள்ள என்னத்தைக் கலந்தனி?" என்பார்.

தங்கையின் வேலையும் இந்த நோயைப் பற்றியதுதான். மூளையில் ஞாபகத்துக்கும் மனநிலைக்கும் வேண்டிய செரட்டோனின் போய்ச் சேரும் இடங்களிலும், ஞாபகத்துக்கு வேண்டிய இன்னொரு பொருளைச் சிதைக்கும் நொதியிலும் ஒரே மருந்தே வேலை செய்ய வேண்டும். அப்படியொன்றைத்தான் அவளுடைய குழு தேடிக்கொண்டிருந்தது.

"இவருக்குக் குடுக்கேலாதோ?" என்று கேட்டேன்.

"ஏலாது அக்கா." சட்டென்று கதையை மாற்றிவிட்டாள்.

ஆனால் நாலாம் நாள், "அத்தான்ர காலைக் குளிசையை இனி நான் பாக்கிறன்" என்றாள். அதிலிருந்து அவர் அமைதியானார். கோப்பையை முகரவில்லை. பிறகொரு நாள், துவாய் எடுக்க அவளுடைய பெட்டியைத் திறந்தபோது, மருந்தின் பெயர் ஒட்டிய தாள் கிழிக்கப்பட்ட போத்தலொன்று அகப்பட்டது. உள்ளே வெள்ளைக் குளிசைகள். எனக்குத் தெரியாமல் இவரில் சோதித்துப் பார்க்கிறாளோ? எண்ணி வைத்தேன். மறுநாள் காலை ஒன்று குறைந்திருந்தது.

போத்தலைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். "இவருக்கு என்னத்தைக் குடுக்கிறாய்?"

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். "அது எனக்கு, அக்கா. ரெண்டு வருசமா மனச்சோர்வு. எங்கட மருந்து இன்னும் எலியையே தாண்டேல்லை."

"பேரை ஏன் கிழிச்சனி?"

"நீங்கள் வாசிப்பியள் எண்டுதான்."

"அப்ப இவர் எப்பிடி அமைதியானவர்?"

அவள் போத்தலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீங்கள் கிளினிக் குளிசையை அரைச்சு வாழைப்பழத்துக்குள்ள வைக்கிறதைக் கண்டனான். கலக்கிறியள் எண்டு அத்தான் சொன்னது பொய்யில்லையே. நான் குளிசையைப் பிரிக்காமல் மட்டையோட அவற்ற கையில குடுத்தனான். தானே உடைச்சுப் போடுறார்."

எனக்கு முகம் சுட்டது. குளிசையைத் துப்புகிறார் என்று மாதக்கணக்காக நான் செய்த வேலை அது, ஒருவருக்கும் சொன்னதில்லை. தங்கையின் இரண்டு வருடத்தைப் பற்றியும் நான் கேட்டதில்லை. அன்றைய குளிசையை நானே மட்டையோடு நீட்டினேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

தை மாதம் தங்கை தொலைபேசியில் அழுதாள். அவர்களுடைய மருந்து எலிகளின் ஈரலைப் பாதித்ததால் கைவிட்டுவிட்டார்களாம். இன்னொன்றைத் தொடங்கியிருக்கிறாள். இப்போது கிழமைக்கு இரண்டு முறை கதைக்கிறோம், மருந்தைப் பற்றி மட்டுமல்ல.

என் கணவருக்கு இப்போது புதுச் சந்தேகம்: பக்கத்து வீட்டுக்காரர் தன் செருப்பை எடுத்துவிட்டாராம். நானும் அவரோடு போய் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறேன்.